புகைப்புரையை இடித்தவர்

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் மருந்துப் பை இருந்தது.

“ரப்பர் ஷீட் உணத்துற புகைப்புரையை நானாக்கும் ஆளு விட்டு இடிச்சது,” என்றார் அவர்.

“எதுக்குக்கா?”

“வீட்டுக்காரரு விடாம இருமினாரு. புகையாலன்னு நெனச்சேன். புரை போன பிறவும் இருமல் போவல்ல.”

“நல்லவேளை, அடுப்பை விட்டு வச்சிய. ஆஸ்பத்திரிக்குப் போவண்டாமா?”

“மெடிக்கல்ல டானிக்கு வாங்கிக் குடுத்தேன் மக்கா, கொஞ்சம் அடங்கும். சளியை டெஸ்ட் பண்ணணும்னு ஹெல்த் சென்டரு நர்சு வீட்டுக்கே வந்து சொன்னா. அப்பம் மோளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தோம். அப்பனுக்கு டிபின்னு தெரிஞ்சா யாரு கெட்டுவா? வெறும் புகைதான்னு சொல்லி நர்சை அனுப்பிட்டேன்.”

“பொறவு?”

“கல்யாணம் முடிஞ்சுதான் கொண்டு போனோம். டிபியேதான். மாத்திரையில டிபி தீனம் மாறும், ஆனா கெட்ட நெஞ்சு கெட்டதுதான்னு சொல்லிட்டாவ.”

“இனி அண்ணன் ரப்பர் பால்வெட்டுக்குப் போவாரா?”

“மரத்துக்கு மரம் நடக்க மூச்சு வேணும்லா.”

மூத்தவர் மருந்துப் பையை மடியில் சரிசெய்தபடி தொடர்ந்தார்.

“இன்னைக்கு டாக்டரு, ‘கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா’ன்னு தொடங்குனாரு. மிச்சத்தைக் கேக்காம மாத்திரையை வாங்கிட்டு வந்துட்டேன்.”