மூன்றாவது எஞ்சின்

இரண்டாம் உலகப் போர்க்காலம். இரவு இரண்டே கால். குவாம் தீவின் விமானதளத்தில், ஓடுபாதையை விட்டு விலகிக் காட்டோரமாகப் போகும் வெள்ளைப் பவளக்கல் சாலை. அதன் முடிவில் ஒரு குண்டுவீச்சு விமானம் நிற்கும் அளவுக்கு வெட்டவெளி.

விமானம் இல்லை.

அங்கே ஒரு பெட்டியின் மேல் ஓர்வல் டெஸ்கி உட்கார்ந்திருந்தார். இதோ, நம்மோடு உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்கும் கிளீட்டஸின் அத்தான்தான். அந்த விமானத்துக்குத் தலைமை மெக்கானிக். அது ஜப்பான்மேல் குண்டு போடப் போய் நான்கு இரவாகிறது. போன பதினோரு பேரின் கட்டில்களில் வேறு ஆட்கள் படுத்தாயிற்று. கடலில் எங்கே விழுந்தது, எதனால் விழுந்தது... யாருக்கும் தெரியாது.

ஓர்வலுக்கு ஒரு சந்தேகம். மூன்றாவது எஞ்சின். சிலிண்டர் மாற்றியபின் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவசரம். இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று கிளம்பும்போது விமானி மெரிக் கேட்டார். "என்னப்பா, உன் மூணாவது சண்டி பண்ணாம வருமா?"

"ஓடும் சார். கையெழுத்துப் போட்டுட்டேன்ல."

"நின்னுச்சோ, நீந்தி வந்து உன்னை உதைப்பேன்."

இன்றிரவு, ஓர்வலோடு ஒரே கூடாரத்தில் தங்கும் வெண்டல் வந்து கூப்பிட்டான். "எந்திரிச்சு வாடா. இனிமே மீனுதான் அதை ஓட்டிட்டு வரணும்." சொன்ன பிறகு அவனுக்கே முகம் செத்துவிட்டது. திரும்பிப் போய்விட்டான்.

மழை கொட்டி ஓய்ந்தது. நிலவில் பவளக்கல் வெளேரென்று கிடந்தது. தவளைகூடக் கத்தவில்லை.

அப்புறம்... வாசனை. பெட்ரோல். கருகிய எண்ணெய். பதினைந்து மணி நேரம் ஒரே உடையில் உட்கார்ந்திருந்தவர்களின் வியர்வை. முகத்தில் அனல். தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில்... டிக். டிக். சூடான உலோகம் ஆறும்போது வருமே, அந்தச் சத்தம்.

"சார்?" என்றார் ஓர்வல்.

டிக்.

"மூணாவதா சார்?"

சத்தம் நின்றுவிட்டது.

விடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. விடிந்ததும் தரையைப் பார்த்தார். இங்கே வந்து சேரும்வரை ஓடிய எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டியிருக்கும். வழியிலேயே நின்றுபோனதற்குக் கீழே இருக்காது. இடப்பக்கத்திலிருந்து நடந்து பார்த்தார். முதலாவது நிற்கும் இடம்... சுத்தமான வெள்ளை. இரண்டாவது... வெள்ளை. ஒன்றைத் தாண்டிப் போய் நான்காவதைப் பார்த்தார். அதுவும் வெள்ளை.

பிறகுதான் மூன்றாவதிடம் வந்தார்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்.

குனிந்து ஒரு விரலை வைத்தார்.

சுட்டது.