சகாயம் எடுக்காத போட்டோ

இந்த எடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன்… அவசரமில்லையே?

சகாயம்னு ஒருத்தர். லாரி ஓட்டுறவரு. கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க. முகம் ஞாபகமில்ல. வீட்ல ஒரு போட்டோ கூட இல்ல. ஒருநாள் அவரோட சித்தி சொல்றாங்க, "டேய், கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மா ஓவியக் கல்லூரிக்குக் கூலிக்குப் போவா. அசையாம உக்காந்திருக்கணும், படிக்கிற பசங்க பாத்து வரைவாங்க. அதுல ஒரு படம் இப்போ பட்டணத்து மியூசியத்துல இருக்குடா. கண்ணால பாத்தேன்."

மறுநாளே கெளம்பிட்டாரு மனுஷன். சித்தி சொன்ன அடையாளத்த வச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு, படத்துக்கு முன்னாடி நின்னு, செல்போன எடுத்தாரு. காவலுக்கு இருந்த பெண்மணி வந்து, "சார், இங்க போட்டோ எடுக்கக் கூடாது"ன்னாங்க.

"ஒண்ணே ஒண்ணு மேடம்… அது எங்கம்மா."

அவங்க படத்தப் பாத்தாங்க… இவரப் பாத்தாங்க. "அனுமதி குடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க. ஆனா எவ்வளவு நேரம் வேணாலும் பாக்கலாம்"னு தன்னோட நாற்காலிய இழுத்துப் போட்டாங்க.

உக்காந்தாரு. மொதல்ல வெறும் படமாத்தான் தெரிஞ்சுது. பாக்கப் பாக்க… தோள்ல சேலை கிழிஞ்சு தச்சிருக்கறது தெரிஞ்சுது. சிரிப்ப அடக்கிக்கிட்டு இருக்கறது தெரிஞ்சுது. கால் கட்டைவிரல் தரையில அழுந்தியிருக்கு. ஏன்? கால் மரத்துப்போயிருக்கு. அசைஞ்சா கூலி போயிடுமே… அதப் பாத்ததும்தான் அழுதாரு. மியூசியம் மூடற வரைக்கும் எந்திரிக்கல.

வீட்டுக்கு வந்ததும் மக கேக்குறா, "போட்டோ எங்கப்பா?"

"எடுக்க விடலம்மா."

"அப்போ நான் பாட்டிய எப்பப் பாக்கறது?"

"இப்படி உக்காரு, சொல்றேன். சிரிப்ப அடக்கும்போது உன் வாய் ஒரு பக்கமா கோணும்ல… அது பாட்டியோடது."

அந்தப் பொண்ணு எந்திரிச்சுக் கண்ணாடிக்கு முன்னாடி போய் நின்னுச்சு.

நான் என்ன சொல்ல வர்றேன்? போட்டோ எடுக்கறது தப்புன்னா சொல்றேன்? இல்லங்க. எடுக்க விட்டிருந்தா அவரும் ஒண்ணு எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருப்பாரு… அவ்வளவுதான். நாமளும் அப்படித்தானே? பொறந்தநாளுக்கு எடுக்கறோம், திருவிழாவுக்கு எடுக்கறோம். எடுத்த முகத்த எப்பப் பாத்தோம்?

உங்க அம்மா வீட்ல இருக்காங்களா? உங்க மனைவி? உங்க வீட்டுக்காரர்? இன்னிக்குப் போய் எதிர்ல உக்காருங்க. பேச வேணாம். பொறுமையா முகத்தப் பாருங்க… இத்தன வருஷமா அவங்க சொல்லாம வச்சிருக்கறது ஒண்ணாவது உங்களுக்குத் தெரியும்.