சாப்பாட்டுக்கு அடுத்து வீடு

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை பாகீரதி, கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சேஷகிரி, சிறப்பாசிரியை அனுஷா, எங்களுக்காகக் காசு வாங்காமல் வழக்கு நடத்திய வக்கீல் ஃபிராங்க்ளின், என் அம்மா சீதாலட்சுமி, நான். என் தங்கை லாவண்யாவும் இருந்தாள். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்ததால் அவள் பெயரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. டீ கொண்டுவந்து வைத்தார்கள். மற்றவர்கள் ஆறவிட்டார்கள். நான் குடித்தேன். இஞ்சி போட்ட நல்ல டீ.

அந்தக் கூட்டத்தில்தான் லாவண்யாவைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு வீட்டில் வைத்தே படிக்கவைப்பது என்று முடிவாயிற்று. அது எப்படி முடிவாயிற்று என்பதை உங்களுக்கு என் கையாலேயே எழுதித் தரும்படி ஃபிராங்க்ளின் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன், மாற்றுத்திறனாளிகள் ஆணையர் ஐயா. இன்று எனக்கு விடுமுறை. அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

என் பெயர் யுவன். பொறியியல் கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றவன். ஏன் நின்றாய் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் பதில் யோசித்து வைக்கவில்லை. அமெரிக்காவில் இன்டர்நெட் வேலை செய்யாதவர்கள் அழைத்தால் ராத்திரி முழுக்கப் பதில் சொல்வது என் வேலை. அங்கே என் பெயர் இவான். பேசுகிறவர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. விடிந்ததும் கம்பெனி வண்டி பெங்களூர் அடுகோடியில் இறக்கிவிடும். எங்கள் வீடு ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருக்கிறது. இரும்பு கடையும் சத்தத்தில் நான் நன்றாகத் தூங்குவேன். ஆளில்லாத வீட்டில் தூங்க முடியாது.

லாவண்யாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம். பேச்சு வராது. அப்பா அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது வேலூர்ப் பக்கம் போனவர், திரும்பவில்லை. அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். நான் வந்ததும் அவள் கிளம்புவாள். போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். நான் தூங்கும்போது லாவண்யா இறங்கி ரோட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வாங்கிய பூட்டு அது. அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும். ஒரு சாவி அம்மாவின் கைப்பையில் இருக்கும். இன்னொன்று டிவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அவசரம் என்றால் அதை ஜன்னல் வழியாகக் கீழே பட்டறைக்காரரிடம் போட்டுத் திறக்கச் சொல்லலாம்.

அப்படித்தான் பல வருஷம் இருந்தோம். ஒரு பள்ளியில் இடமில்லை என்றார்கள். இன்னொன்றில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். அரசுப் பள்ளியில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர் இல்லை என்றார்கள். நான் தூங்குவேன். அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்து முனகுவாள். பாட்டு என்று சொல்ல முடியாது. ஒரே சுருதியில், ஃபிரிட்ஜ் ஓடுவதைப் போல, ஆனால் அதைவிடச் சூடாக. அவளுக்கு என்னிடம் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு அம்மாவுக்கு யாரோ ஃபிராங்க்ளினைக் காட்டினார்கள். ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டு வாசலில் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்றாள். உங்களிடம் மனு போட்டார்கள். நீங்கள் உத்தரவு கொடுத்தீர்கள்: அரசுப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சிறப்பாசிரியை ஒருவரை வைக்க வேண்டும், குழந்தையின் விருப்பத்தை அறியாமல் அவளை வெளியே அனுப்பக் கூடாது. கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். நல்ல வரி, ஐயா. பேச்சு வராத பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள்.

அனுஷா மேடம் கெட்டிக்காரி. லாவண்யாவுக்கு அட்டைகள் செய்து கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: பை, வகுப்பு, சாப்பாட்டுத் தட்டு, எங்கள் வீட்டு நீலக் கதவு, என் முகம்கூட. அவற்றை ஒரு நீளப் பட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் அவள் அந்த அட்டையை உரித்து, பட்டையின் கீழே தைத்திருக்கும் ‘முடிந்தது’ என்ற பைக்குள் போட்டுவிடுவாள். காலையில் வீட்டிலேயே முழு நாளையும் பார்த்துவிட்டால்தான் வாசலைத் தாண்டுவாள். பார்த்த பிறகு வரிசையை யாரும் மாற்ற முடியாது. அனுஷா மேடமே முயன்று பார்த்து விட்டுவிட்டார். மனிதர்கள் சொல்வது அவளுக்கு எப்படிக் கேட்குமோ தெரியாது. பட்டை சொல்வதை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அம்மா சீக்கிரமே கிளம்பிவிடுவதால் பட்டையை ஒட்டுவதும் அவளைப் பள்ளியில் விடுவதும் என் பொறுப்பாயிற்று.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிள்ளைகளோடு வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயரின் முதல் எழுத்தைக் காட்டக் கற்றாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். நான் அவளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பேன். தூக்கம் வராது. தலைமாட்டில் அவள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ஃபிரிட்ஜ் ஓடும், நிற்கும். ராத்திரி முழுக்கப் பேசிவிட்டு வந்த வாய் பகலில் ஒரு சொல்லுக்குக்கூடத் தேவைப்படாமல் கிடந்தது. வேலையில் இரண்டு தடவை தூங்கி விழுந்து எச்சரிக்கை வாங்கினேன். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பள்ளி மணி அவள் காதுக்கு ஆகாது என்பதை நான் கவனித்திருந்தேன். மற்ற பிள்ளைகள் இடிப்பதும் பிடிக்காது. அவளுக்கு அங்கே கஷ்டம் இருக்கத்தான் செய்தது. யாராவது அவளுக்காக அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடுத்து நீலக் கதவை ஒட்டினேன்.

அன்று மதியம் அவள் சாப்பிட்டு முடித்து, தட்டு அட்டையை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். கேட் பூட்டியிருந்தது. பட்டை வீடு என்று சொல்கிறது, கேட் இல்லை என்று சொல்கிறது. அவள் நெற்றியால் கேட்டை இடித்தாள். பிடித்து இழுத்த அனுஷா மேடத்தின் கையைக் கடித்தாள். நான் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். போன் வந்ததும் உடனே போக முடிந்தது. எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று பாகீரதி அம்மாள் பாராட்டினார். வீட்டுக்கு வந்ததும் லாவண்யா என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் முனக ஆரம்பித்தாள். நான் சாயங்காலம் வரை தூங்கினேன்.

அவள் நெற்றியில் ரத்தம் கட்டியிருந்தது. ஐஸ் வைத்தேன். மறுநாளும் அப்படியே ஒட்டினேன்.

“யுவன், சாப்பாட்டுக்கு அடுத்து வீடுன்னு இருக்கேப்பா. யாரு ஒட்டினது?” என்று அனுஷா மேடம் கேட்டார். கையில் கட்டு போட்டிருந்தார்.

“அவளேதான் மேடம். நான் சரியாத்தான் ஒட்டுவேன். பிச்சுட்டு மாத்தி ஒட்டிடறா. வீட்டுக்குப் போகணும்னு சொல்றா போல.”

அவர் பட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டார். அது முதல் ஒவ்வொரு நாளும் படம் எடுத்தார். குழந்தையின் விருப்பத்தைப் பதிவு செய்வதும் அவருடைய வேலை என்று உங்கள் உத்தரவில் இருந்தது.

எல்லா நாளும் நான் மாற்றவில்லை. வாரத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் தூங்காமல் சமாளித்தேன். பள்ளி வாட்ச்மேன் சின்னப்பாவுக்கு மட்டும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். கடையில் என்னைப் பார்த்து, “என்ன சார், ஸ்கூலுக்கு வாட்ச்மேன் நானா நீங்களா? சம்பளத்துல பாதி பிரிச்சுக் குடுத்துடவா?” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். “தங்கச்சி அழற அன்னிக்கெல்லாம் கரெக்டா வந்து நிக்கறீங்க” என்றார். பிறகு நான் கடையை மாற்றிக்கொண்டேன்.

மழை பெய்த ஒருநாள் அவள் நெற்றி கிழிந்தது. தையல் போட்டார்கள். கவனக்குறைவு என்று அனுஷா மேடத்திடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். அதன் பிறகுதான் முதலில் சொன்ன கூட்டம்.

சேஷகிரி உத்தரவை எடுத்துவைத்து, பிள்ளையை அனுப்பினால் சட்டப்படி நாம்தான் மாட்டுவோம் என்றார். பாகீரதி அம்மாள் பரம்பரையாக பெங்களூரில் இருப்பவர், பாதி கன்னடத்தில்தான் பேசுவார்; மகு என்றால் குழந்தை, ஊட்டா சாப்பாடு, மனை வீடு. அனுஷா மேடத்தின் போனை மேசையில் வைத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

“நாம எங்கப்பா அனுப்பறோம்? மகுவே சொல்லுது பாருங்க. ஊட்டா ஆனதும் மனை, ஊட்டா ஆனதும் மனை. பாவம், அதுக்கு இருக்கற வாய் இது ஒண்ணுதான். அதையும் நாம கேக்கலேன்னா எப்படி?”

ஃபிராங்க்ளின் என்னைப் பார்த்தார். “கூடவே இருக்கறவன் நீ. உனக்கு என்ன தோணுது, யுவன்?”

“அவ கேக்கறத மதிக்கணும் சார்” என்றேன்.

அம்மா அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு கையெழுத்துப் போட்டாள். மேசைக்கு அடியில் லாவண்யா என் செருப்பின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த முடிவு சரியாகத்தான் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. அம்மா பூட்டிவிட்டுப் போவாள், நான் தூங்குவேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. லாவண்யா முனகுவதை நிறுத்திவிட்டாள். தட்டின் படத்தைக் காட்டினால் சாப்பிட வர மாட்டாள். முதலில் அட்டையைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு மறுபடி அட்டையைப் பார்ப்பாள். எழுந்து பார்க்கும்போதெல்லாம் பட்டையில் பை, வகுப்பு, சாப்பாடு, வகுப்பு, வீடு என்று ஒட்டி என் மார்பின்மேல் வைத்திருப்பாள். வகுப்பு அட்டைகளை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டேன். அவள் பிஸ்கட் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதில் நெடுக்குக் கோடுகளாகக் கேட் ஒன்றை வரைந்து ஒட்டினாள்.

வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க அனுஷா மேடத்தையே போட்டிருந்தார்கள். அந்த பிஸ்கட் அட்டையைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் அன்று இருந்தாள். அனுஷா மேடம் போனை எடுத்துப் பழைய படங்களை இந்தப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அம்மா, இவ ஒட்டறதப் பாருங்க. ஒரு அட்டையும் இன்னொண்ணும் இடிச்சுக்கிட்டு நிக்கும். நடுவுல நூல் போகாது. இந்த போட்டோல பாருங்க. விட்டு விட்டு ஒட்டியிருக்கு. இது இவ ஒட்டினதில்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.”

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“நீயாடா?”

“ஆமாம்மா.”

“ஏன்டா?”

“தூக்கம் வரல.”

அம்மா போனை அனுஷா மேடத்திடம் திருப்பிக் கொடுத்தாள். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் காட்டியிருப்பாள், அதனால் புரிந்துகொண்டாள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, லாவண்யா பள்ளியைவிட்டுப் போக விரும்பவில்லை. வீட்டுக்குப் போகும் விருப்பத்தை அவள் பெயரில் ஒட்டியவன் நான். அவள் நெற்றித் தையலுக்கும் அனுஷா மேடத்தின் மெமோவுக்கும் நான்தான் காரணம். அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும், லாவண்யாவின் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இதன் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இப்படி எழுதச் சொன்னவர் ஃபிராங்க்ளின். நானாக எழுதினாலும் ஏறக்குறைய இதையே எழுதியிருப்பேன். ஒன்றை மட்டும் சேர்த்திருப்பேன்: அவள் என்னோடு பத்திரமாக இருந்தாள்.

நேற்று ஃபிராங்க்ளின் போனில் அம்மாவிடம், அத்திபெலேயிலும் ஒரு பள்ளி சேர்த்துக்கொள்ளும், உத்தரவு அங்கேயும் செல்லும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்திபெலேயில் எங்கள் சித்தி சுப்புலக்ஷ்மி இருக்கிறார். எதற்காக இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்கிறவள்.

இப்போது அம்மா லாவண்யாவுக்குத் தலைவாரி முடித்துவிட்டாள். பெரிய பையைத் தூக்கி வாசலில் வைத்திருக்கிறாள். பட்டையை இன்று அம்மாவே ஒட்டினாள். பை, பஸ், சாப்பாடு, கடைசியில் ஒரு புதுப் படம், பச்சைக் கேட். சித்தி வீட்டு கேட்டும் பச்சைதான். பள்ளி கேட்டுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருப்பார்கள் போல. நீலக் கதவை எங்கும் காணோம். அவசரத்தில் விட்டிருப்பாள். லாவண்யா பட்டையை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். பிறகு அட்டைப் பெட்டியைக் கிளறி என் முகம் இருந்த அட்டையை எடுத்தாள். என்னிடம் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை ‘முடிந்தது’ பைக்குள் போட்டாள். மெதுவாக முனகிக்கொண்டிருந்தாள்.

அம்மா கைப்பையிலிருந்த சாவியை எடுத்து டிவிக்குப் பக்கத்து ஆணியில், மற்ற சாவியோடு மாட்டினாள். மறதி. சாயங்காலம் திரும்பி வரும்போது ஜன்னல் வழியாக நான்தான் கொடுக்க வேண்டியிருக்கும், அதுவரை தூங்காமல் இருக்க வேண்டும். “பார்த்துப் போம்மா” என்றேன். இருவரும் படிக்குப் போனதும் கதவு சாத்திக்கொண்டது, வெளியே பூட்டு அமுங்கியது.