சாயாத முதுகு

எழுபதுகளில் ஒரு காலை, பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் வண்டி. எனக்கு எதிர் பெஞ்சில் நாற்பதை நெருங்கும் இருவர், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்துக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“உன் மூஞ்சி மறந்துபோச்சு மாமே. பிளாட்பாரத்துல முதுகைப் பாத்துதான் கண்டுபுடிச்சேன்.”

“வெள்ளானூர் குஸ்தியில பாத்த முதுகா?”

“ஆமா. முழுப்பரீட்சை லீவுல நடக்குமே, அதான். உன்னைத் தூக்கிப் போட்டு முதுகை மண்ணுல வச்சேனே.”

“எங்க வச்ச? ஒரு தோளுதான் பட்டுது. ரெண்டும் பட்டாதான் தோல்வி.”

“முதுகு பூரா செம்மண்ணு ஒட்டிகினு இருந்துச்சே?”

“அது முன்னாடியே பொரண்டதுல ஒட்டுனது. ரெப்ரி அந்த மண்ணைப் பாத்துட்டு உன் கையைத் தூக்கிட்டாரு. அன்னியோட எங்க நைனா என்னை கோதா பக்கமே போவ உடல.”

வண்டி அம்பத்தூர் தாண்டியது. ஜன்னலோரத்துக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“இன்னாத்துக்கு நுனியில குந்திகினு கீற? நல்லா சாஞ்சு குந்து மாமே.”

“வேணாம். நீ பாத்துகினு கீற வரைக்கும் என் முதுகு எதுலயும் படாது.”