மேல்வீட்டுத் தண்ணி

மேல்வீட்டுக்குப் போயி நான் சொல்ல மாட்டேன், தம்பி. வேற வழி இருந்தா பாருங்க. அவங்க தண்ணிய நிறுத்தாம நீங்க பெரிய குழாயக் கழட்டினா உங்க தலையிலதான் ஊத்தும், தெரியுது. இருந்தாலும் நான் போக மாட்டேன்.

உங்களுக்கு முன்னால இந்த அடைப்ப எடுக்க ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ இருக்கிற வளைவுக் குழாயக் கழட்டிப் பாத்துட்டு, எண்ணெய ஊத்துறீங்க ஆன்ட்டின்னான். நான் ஒண்டிக்கட்டை. ஒரு முட்டை பொரிக்க எவ்வளவு எண்ணெய் ஆகும்? அடுத்தவன் ஏதோ மருந்த ஊத்தினான். என் மூக்குதான் எரிஞ்சிச்சு. அடைப்பு அசையல. நீங்க ஒருத்தர்தான் சரியாக் கேட்டீங்க அஸ்மான், குழாயத் தொறக்காதப்பவும் தண்ணி ஏறுதான்னு.

ஏறுதே. சீனப் பெருநாள் மொத நாள் ஏறிச்சு. அன்னிக்கு நாங்க வீடு கூட்ட மாட்டோம், தண்ணிய வெளிய கொட்ட மாட்டோம். வீட்டு அதிர்ஷ்டமும் சேந்து போயிடும்ல. உங்களுக்குத் தெரியாததா, பினாங்குலயே பொறந்த பிள்ளை. மொத வேளை சைவம் வேற, மீனத் தொட மாட்டோம். நான் குழாய்ப் பக்கமே போகல. ஆனா தொட்டியில பாதிக்குத் தண்ணி. மீன் செதிள் மிதக்குது. கூடவே இஞ்சி. தீக்குச்சி மாதிரி சன்னமா, நீள நீளமா.

அள்ளிக் கொட்டலாம்னா நாள் நல்ல நாள். பொழுது சாயிற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தங்கச்சி பெக் ஹூன் ஆரஞ்சுப் பழத்தோட வந்தா. எட்டிப் பாத்துட்டு, மத்தவங்களுக்கு வாசல் வழியா அதிர்ஷ்டம் வரும், உனக்குத் தொட்டி வழியா ஏறுதேக்கான்னு சிரிச்சா. அப்புறம் இஞ்சியப் பாத்தா. சிரிப்ப நிறுத்திட்டா.

அப்படி நறுக்கினாத்தான் எங்க வீட்டுக்காரருக்கு மீன் தொண்டையில எறங்கும். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நறுக்கினேன். கொஞ்சம் தடிச்சாலும் தட்டத் தள்ளி வெச்சிடுவாரு. அத இன்னொருத்தியும் கத்துக்கிட்டாளே.

என்ன, செத்துட்டாரான்னா கேக்குறீங்க? சேச்சே. கல்லு மாதிரி இருக்காரு.

போன மழைக்காலத்துல மேல்வீட்டுக்காரி வந்து வாசல்ல நின்னா. தொட்டி அடைச்சிக்கிச்சுக்கா, அண்ணனக் கொஞ்சம் அனுப்புறீங்களான்னா. நாந்தான் நீளக் கம்பிய எடுத்து இவர் கையில குடுத்தேன். பாவம், தனியா இருக்கா, போயிட்டு வாங்கன்னேன். நல்லாத்தான் குத்தி விட்டிருக்காரு. அவ அடைப்பு எறங்கி எனக்குக் கீழ வந்து உக்காந்துக்கிச்சு. இப்ப அவளுக்குச் சுத்தமாப் போகுது. எல்லாம் என் தொட்டியில வந்து ஏறுது. எச்சில நாந்தான் அள்ளிக் கொட்டுறேன், அப்பவும் சரி, இப்பவும் சரி.

சரி, பேசிக்கிட்டே இருந்தா வேல ஆகாது. நீங்களே போங்க. நேர் மேல் வீடு. கதவ எங்க வீட்டுக்காரருதான் தொறப்பாரு. கெங் சூன்னு பேரு. ஒரு மணி நேரத்துக்குத் தண்ணி புழங்க வேணாம்னு சொல்லுங்க. நான் அனுப்பினேன்னு சொல்ல வேணாம்.

இல்ல, சொல்லுங்க. சொல்லிட்டு அந்தக் கம்பியக் கேளுங்க. அது என்னோடது. அத மட்டும் வாங்கிட்டு வந்தாப் போதும்.