பச்சை மூடி போட்ட கீபோர்ட்

எங்கம்மாவத் திருடின்னு சொன்னது உங்க ஆபீஸ் சார். அதுவும் தனியாக் கூப்பிட்டு இல்ல. பழைய ஸ்டாஃப் எல்லாரும் கூடியிருந்த எடத்துல, கையில டீ கப்போட நின்னுட்டிருந்த பொம்பளையப் பாத்து, அந்தக் கீபோர்ட எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு உங்க மேனேஜர் கேட்டிருக்காரு. சிரிச்சுக்கிட்டே வேற கேட்டாராம். குடுக்கலன்னா போலீசுக்குப் போவோம்னும் சொன்னாராம், அதுக்கும் அதே சிரிப்பு. இது தப்புன்னு மொதல்ல ஒத்துக்குங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

சும்மா தலைய ஆட்டுனா ஒத்துக்கிட்டதா அர்த்தமா? சரி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. அம்மா இல்ல, வெளிய போயிருக்காங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது. எங்கிட்டயே பேசலாம், மெயில் போட்டது நான்தானே.

கார்டு காட்டுனீங்க, பாத்தேன். கார்டு யாரு வேணா அடிச்சுக்கலாம் சார். கோச்சுக்காதீங்க. பழைய கீபோர்ட் சேக்குறவங்களுக்குன்னு நெட்ல ஒரு குரூப் இருக்கு, அதுல போட்டோ போட்டதுலேருந்து யார் யாரோ போன் பண்றாங்க. ஒருத்தர், என்ன அண்ணனா நெனச்சுக்கோம்மான்னு ஆரம்பிச்சு, வீட்டுல வேற யாரு இருக்கா, எப்பெப்ப வெளிய போவீங்கங்குற வரைக்கும் வந்துட்டாரு. அதனாலதான், நீங்க உள்ள வந்ததுலேருந்து அலமாரியையே பாத்துட்டிருக்குறது எனக்குப் புடிக்கல. அது அங்க இல்ல. எங்க இருக்குன்னு இப்பச் சொல்லவும் மாட்டேன்.

தண்ணி குடிங்க. வேண்டாமா? சரி, உங்க இஷ்டம். சந்தேகப்படுற வீட்டுல நானா இருந்தாலும் குடிக்க மாட்டேன்தான்.

நடந்ததக் கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா நான் சொல்ற வரிசையில கேக்கணும். உங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல அம்மா டேட்டா என்ட்ரி. நான் பொறக்குறதுக்கு முன்னாடிலேருந்தே. அங்க இருந்த கீபோர்ட் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் கலரு. அம்மாவோடதுல மட்டும் ஓரத்து மூடிங்க பச்சை. மூடின்னா, எழுத்து போட்டிருக்குமே, வெரல் படுற பாகம், அது. பெரிய ஆபீஸ்லேருந்து வந்த ஒருத்தர் அதப் பாத்துட்டு, இது சோதனைக்காகக் கொஞ்சமே செஞ்ச வகை, ஒலகத்துலயே வெரல் விட்டு எண்ணலாம்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான். அதுவரைக்கும் அம்மா டிபன் பாக்ஸப் பக்கத்துல வெச்சா ஏன்னு கேக்காத கீபோர்டுக்கு ஒரே நாள்ல ராஜ மரியாதை. அம்மாகிட்டேருந்து வாங்கி, வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சு, உள்ள லைட்டெல்லாம் போட்டீங்க. அம்மாவுக்குப் பதிலுக்கு ஒரு சாதாரணக் கீபோர்ட்.

அப்புறம் செக்‌ஷனையே மூடுனீங்க. அவங்கவங்க கீபோர்ட அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க, எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகுதுன்னு சொன்னது யாரு? உங்க ஆளுங்க. அம்மா எடுத்துட்டு வந்தாங்க. எங்க காலேஜ் பசங்களோட ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் இன்னிக்கு வரைக்கும் அதுலதான் அடிச்சுக் குடுக்குறாங்க. நான் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், என்னடி இது, அவிஞ்ச சோத்த அமுக்குற மாதிரி இருக்குன்னு ஓரங்கட்டிட்டாங்க.

இப்ப நீங்க யாரோ நிபுணரக் கூட்டிட்டு வந்து பெட்டியத் தெறந்து பாத்தா, மூடி மட்டும்தான் அசலாம், ஒடம்பு சாதாரணமாம். சரி. ஒடனே பழி யாரு மேல? எங்கம்மா மேல. ஏன் சார், பெட்டி சாவி எங்கம்மா முந்தானையிலயா முடிஞ்சிருந்துச்சு? வாட்ச்மேன் கிட்ட இருந்துச்சு, ரிசப்ஷன்ல இருந்துச்சு, உங்க மேனேஜர் கிட்ட இருந்துச்சு. அவர ஏன் யாரும் கேக்கல? இல்ல, சும்மா கேக்குறேன். சிரிச்சுக்கிட்டே கேக்கட்டுமா?

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லல. கூட வேலை பாத்த அக்கா போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் படிக்கிறது தத்துவம், ஆனா காலேஜ்ல எல்லாரும் வக்கீலம்மான்னுதான் கூப்பிடுவாங்க. இந்தக் கேஸ் எனக்கு ரொம்பச் சுலபமாத் தெரிஞ்சுச்சு. வீட்டுல இருக்குறது சாதாரணக் கீபோர்ட்தான்னு காட்டிட்டா முடிஞ்சுது, இல்லையா? அம்மா குளிக்கப் போன நேரம் பாத்து அதத் தூக்குனேன். என்னா கனம்! சின்னதுலேருந்து அது சத்தத்துலதான் தூங்கி முழிச்சிருக்கேன், ஒரு நாளும் தூக்கிப் பாத்ததில்ல. தலையிலேருந்து ஹேர்பின்ன எடுத்து ஒரு மூடிய நெம்புனேன். மூடி வந்துச்சு, பின் கை தவறிடுச்சு. ஆனா கீழ விழல சார். உள்ள ஒட்டிக்கிச்சு. இழுத்தா வருது, விட்டா மறுபடி போயி ஒட்டிக்குது. பக்கத்துக் கீயப் பாத்தேன், அதுலயும் ஒட்டுது. எல்லாத்துக்கும் உள்ள குட்டிக் குட்டிக் காந்தம்.

சாதாரணக் கீபோர்ட்ல காந்தம் இருக்காது, ரப்பர் ஷீட்தான் இருக்கும்னு எனக்கு அப்ப எங்க தெரியும்? குரூப்ல கேட்டேன். அடி ஸ்க்ரூவக் கழட்டி உள்ள இருக்குற தகட்ட போட்டோ எடுத்துப் போடுன்னாங்க. தகட்டு மூலையில ஒரு நட்சத்திர முத்திரை குத்தியிருந்துச்சு. அதப் போட்டதும், இது அந்தச் சோதனை வகை, அசலேதான்னு சொல்லிட்டாங்க. அப்புறம்தான் அந்த அண்ணன்மாருங்க போனெல்லாம்.

ஆமா சார். அதேதான். நீங்க தேடுறது இந்த வீட்டுலதான் இருக்கு. மறைக்கிற ஆளா இருந்தா நானே மெயில் போட்டிருப்பேனா? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.

மெயில்ல எழுதுனதுதான் என் வாதம். உங்க செக்‌ஷன்ல சுத்தம் பண்ற நாள்னு ஒண்ணு வரும். அன்னிக்கு எல்லாக் கீபோர்ட் மூடியையும் கழட்டி ஒரே பக்கெட்ல சோப்புத் தண்ணியில ஊற வெப்பாங்க. காஞ்சதும் மாட்டும்போது ஏ இருக்கா, பி இருக்கான்னு பாப்பாங்களே தவிர, இது எந்தக் கீபோர்டோட ஏ, எந்தக் கீபோர்டோட பின்னு எந்தப் புண்ணியவான் பாத்தான்? அப்படி ஒரு நாள் பச்சை மூடி சாதாரணக் கீபோர்டுக்குப் போயிடுச்சு, அசல் சாம்பல் மூடியோட நின்னுடுச்சு. மூடியப் பாத்து ஏமாந்து நீங்களே தப்பானத பெட்டியில வெச்சீங்க, நீங்களே அசல எங்கம்மா கையில குடுத்து எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்க. இதுல திருட்டு எங்க இருக்கு? ஏன் சிரிக்கிறீங்க? தற்செயலா ஒண்ணு நடக்கவே கூடாதா ஒலகத்துல?

என்ன போட்டோ? குடுங்க பாக்கலாம். பெரிய ஆபீஸ்காரர் எடுத்ததா? பச்சை மூடி இருக்கு. கழட்டி வெச்சிருக்காரு. தகட்டுல... ம். நட்சத்திரமும் இருக்கு. அப்ப அவரு மூடிய மட்டும் பாத்துட்டுச் சொல்லல, தெறந்து பாத்துத்தான் சொல்லியிருக்காரு. அன்னிக்குப் பச்சை மூடி அசல்லதான் இருந்திருக்கு.

ஒரு நிமிஷம் இருங்க. அதுக்கப்புறமும் மாறியிருக்கலாமே? பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி யாராச்சும் கழுவியிருப்பாங்கல்ல? ஆமா, அம்மாதான். பளிச்சுன்னு கழுவிக் குடுன்னு சொன்னது உங்க ஆபீஸ்தானே. கழுவுறப்ப மாறிப்போச்சு, அவ்வளவுதான், அதுல என்ன?

வேண்டாம் சார். அதக் கேக்காதீங்க. வேற என்ன வேணா கேளுங்க. கீபோர்ட வேணா இப்பவே எடுத்துட்டு வர்றேன், உள் ரூம்ல போர்வைக்கு அடியிலதான் இருக்கு.

கேட்டுட்டீங்க, மாறுனது அம்மாவுக்குத் தெரியுமான்னு.

வந்ததுலேருந்து நான் மூச்சு விடாமப் பேசுனது எதுக்குன்னு நெனச்சீங்க? உங்கள அதக் கேக்க விடக்கூடாதுன்னுதான். மெயில அனுப்பிட்டு அப்புறம்தான் சார் அம்மாகிட்டப் போனேன், புத்தி. பெருமையா வேற. உன்னக் காப்பாத்திட்டேம்மா, எல்லாம் அந்தப் பக்கெட்டு பண்ண வேலைன்னு. அம்மா துணி மடிச்சுட்டிருந்தாங்க. அதுக்குள்ள எழுதி அனுப்பிட்டியான்னு கேட்டாங்க. அனுப்பிட்டேன்னேன். சரி, வர்றவரு கேட்டா உள்ளதச் சொல்லிடு, கேக்கலன்னா நீயா வாயத் தெறக்காதன்னாங்க. உள்ளதுன்னா என்னம்மா, மாறிப்போனது உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். தலையக்கூடத் தூக்கல சார், கையில இருந்த சட்டைய நீவிக்கிட்டே சொன்னாங்க.

மாறிப்போகலடி, நான்தான் மாத்துனேன். அவங்களுக்குப் பாக்கத்தானே வேணும், பச்சை மூடியெல்லாம் கழட்டி மத்ததுல மாட்டிக் குடுத்துட்டேன். எனக்கு அடிக்கணும்ல.