கருமணல் மேல் ஏறிய சத்தம்

என் பெயர் ஜாபேஸ். தகப்பனார் பாக்கியசீலன், மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வயது இருபத்தைந்து. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் குடியிருந்து வருகிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, மார்க்கெட் பக்கம் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். இன்று 1994-ம் வருடம் மே மாதம் 19-ந் தேதி, யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்திற்கு வந்து இதைச் சொல்லுகிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றோரம் மண் சரிந்து இறந்துபோன சிவசங்கரன் சம்பந்தமாக முன்பு என்னை விசாரித்தபோது, அவருக்குக் காசு தேடும் கருவி செய்து கொடுத்தவன் நான்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அவருடைய தம்பி கணேஷ்ராம் இன்று காலை முதல் அதே குழியைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். அதை நிறுத்த வேண்டும். வந்தது அதற்காகத்தான்.

மேற்படி சிவசங்கரன் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதி வந்தார். அவர்கள் குடும்பத்துக்கு முன்பு நஞ்சை நிறைய இருந்தது. மிச்சம் இருந்தது ஆற்றோரத்தில் ஒரு வாழைத் தோட்டம். 92-ம் வருட வெள்ளத்தில் அந்தத் தோட்டத்தின் மேல் ஆள் உயரத்துக்கு மேலாக மணல் ஏறிவிட்டது. பட்டா அவர்கள் பேரில் இருக்கிறது. நிலம்தான் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு அந்த மணல்மேட்டில் அவருக்கு ஒரு பழைய செம்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் தேய்ந்துபோய் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பில்லை. வாழை போன இடத்தில் காசு விளைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, பழைய காசு தேடும் கருவி ஒன்று குறைந்த விலையில் வேண்டும் என்று என் கடைக்கு வந்தார். என் தகப்பனாரிடம் படித்தவர் என்பதால் எனக்கு முன்பே பழக்கம்.

நான் விசாரித்துப் பார்த்தேன். சென்னையில் பர்மா பஜாரில் ஒருவர் வெளிநாட்டுக் கருவி தருவித்துத் தருவதாகச் சொன்னார். அந்தக் கருவி மண்ணின் குணத்தைத் தானே கழித்துவிட்டு உலோகத்துக்கு மட்டும் சத்தம் கொடுக்கும். விலை சிவசங்கரனின் வருடச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்ததாக மேலப்பாளையத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் தாஜ் முகம்மது என்பவரிடம் ராணுவத்தில் கழித்துப்போட்ட, கண்ணிவெடி தேடும் கருவி ஒன்று கிடந்தது. நானும் சிவசங்கரனும் போய்ப் பார்த்தோம். தாஜ் முகம்மது, "வே இஞ்சினியரு, இதச் சொமக்க ரெண்டு ஆளு வேணும், பேட்டரிய சொமக்க மூணாவது ஆளு. ஆத்துல என்ன, குண்டா தேடப் போறீய?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்குரிய பேட்டரி இப்போது எங்கும் கிடையாது. ஆகவே அதுவும் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அதன் பிறகு நானே செய்து தருகிறேன் என்று சொன்னேன். செய்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கொஞ்சம் நல்ல வகை. அதில் இரண்டு கம்பிச் சுருளையும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி உட்கார வைக்க வேண்டும், பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. மற்றது ஒரே சுருள், எளிய வகை, மலிவு. பழைய ரேடியோ சாமான்களை வைத்தே செய்துவிடலாம். "இது போதும் அண்ணாச்சி" என்று நான்தான் சொன்னேன். அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தவன் நான்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்யும் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று ஐயா சொன்னாலும், எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். சாவு அதில்தான் இருக்கிறது. கருவியில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில், காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனில் கேட்கிற சத்தம் அடங்கும். அங்கிருந்து ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் செம்போ வெள்ளியோ கீழே இருக்கும்போது சத்தம் ஏறும், கருமணல் இருந்தால் இறங்கும். நம் ஆற்று மணலில் கருமணல் வரிவரியாகக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். அதில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் அந்த அடங்குகிற இடத்தைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டால் எல்லாம் தலைகீழ். அப்போது வெறும் கருமணலுக்குச் சத்தம் ஏறும். மலிவான சாமான் என்பதால், குமிழை யாரும் தொடாவிட்டாலும் வெயிலில் கருவி சூடானால் அது தானாகவே தாண்டிப் போய்விடும்.

இதனால் நான் சிவசங்கரனிடம், தோண்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு காசை மணலில் போட்டுக் கருவியை அதன்மேல் காட்டிப் பாருங்கள், சத்தம் ஏறினால் குமிழ் சரி, இறங்கினால் தப்பு என்று சொன்னேன். அவர் உடனே முடியாது என்று தலையை ஆட்டினார். "ஏலே ஜாபேசு, ஆத்துல போட்ட காசு ஆத்துக்குத்தாம்லே. அதத் திரும்ப எடுத்தா வெளங்குமா?" என்றார். நான், "அப்ப நீங்க தோண்டி எடுக்கப் போறது ஆரு போட்டது அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது ஆறா குடுக்கது. இது நாம குடுத்தது. ரெண்டும் ஒண்ணாலே?" என்றார். அந்தப் பக்கத்தில் பஸ்ஸில் பாலம் கடக்கும்போது ஆற்றில் காசு போடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அது இப்போது ஆறு, தோட்டம் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நான் சிரித்துவிட்டு, என்னவோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். காசைக் கீழே போட வேண்டிய அவசியமே இல்லை, கையில் பிடித்துக் கருவிக்கு நேராகக் காட்டினாலே போதும். இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவில்லை. சிரிக்க மட்டும் தோன்றியது.

அதன் பிறகு நடந்ததை அவர் மனைவி ராஜராஜேஸ்வரி சொல்லித் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் காசைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, கருவியை அணைத்து, சைக்கிள் கேரியரில் வெயிலில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறார். குமிழை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்.

இம்மாதம் 2-ந் தேதி முற்பகல், என் கடைக்குப் பக்கத்துக் கடையில் எனக்குப் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து சிவசங்கரன் பேசினார். "லே ஜாபேசு, தோண்டத் தோண்டச் சத்தம் ஏறிக்கிட்டே போவுது. காதே அடைக்குலே! மேட்டச் சைடுல கொடஞ்சு உள்ள போயிட்டேன். இன்னும் தோண்டவா?" என்று கேட்டார். அப்போது ஒரு கலர் டி.வி.யைப் பிரித்துப் போட்டிருந்தேன், அதன் சொந்தக்காரர் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார். நான், "ஏறுச்சுன்னா காசுதான், தோண்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். காசு காட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை.

அதே மாதிரி சுருளும் சர்க்யூட் பலகையும் நான் சோதனைக்காக முதலில் செய்தது ஒன்று கடையில் ஜன்னல் ஓரம் கிடந்தது. மத்தியானம் டி.வி. வேலை முடிந்து அதைப் போட்டுப் பார்த்தேன். ஏன் போட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் தொடாமலே சத்தம் மெல்ல இறங்கி, அடங்கி, பிறகு ஏற ஆரம்பித்தது. சூட்டில் இப்படி ஆகும் என்று நான் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். கடையைப் பூட்டாமல் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினேன். பாலத்தில் பஸ் போகும்போது பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னல் வழியாக ஒரு காசை ஆற்றில் போட்டுக் கும்பிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய சுடலைமாடன் என்பவர்தான் மேடு இறங்குவதைப் பார்த்து ஆள் கூப்பிட்டவர். "ஐயா ஐயான்னு கூப்பிட்டேன், காதுல அதை மாட்டியிருந்தாவ, கேக்கல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சிவசங்கரனை வெளியே எடுத்து வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். காதில் மாட்டுவது அறுந்து அவர் கழுத்தில் கிடந்தது. கருவி சரிவின் மேல், சுருள் மணலில் படிய, அணைக்கப்படாமல் கிடந்தது. நான் முதலில் அவரைப் பார்க்கவில்லை. கருவியிடம் போய், துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு, பையிலிருந்த ஒரு ரூபாயைச் சுருளுக்கு நேராகக் கையில் பிடித்து, அறுந்த ஒயரைச் சேர்த்து வைத்துக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் இறங்கியது. குழிக்குள் வெட்டுவாயில் விரல் தடிமனுக்குக் கருமணல் வரி வரியாக இருந்தது. அதன் பக்கம் சுருளைக் கொண்டுபோனேன். சத்தம் ஏறியது. பிறகு அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் ராஜராஜேஸ்வரி இருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, அவுகளுக்குக் கேட்டுது காசுதானா? இல்ல, வெறும் மண்ணுக்காவா போனாவ?" என்று கேட்டார். நான் யாரிடமும் மழுப்பிப் பேசுகிறவன் இல்லை. டி.வி. போய்விட்டது என்றால் போய்விட்டது என்றுதான் சொல்லுவேன். அன்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "காசுதான் மதினி. கீழ நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நேற்று முன்தினம் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதுவரை காத்திருந்த கணேஷ்ராம், அண்ணன் உயிரைக் கொடுத்து இடம் காட்டிவிட்டுப் போயிருக்கிறான், அதை எடுக்காவிட்டால் அவன் ஆத்மா சாந்தி அடையாது என்று சொல்லிக்கொண்டு, வீட்டிலிருந்த கருவியை எடுத்து, அறுந்த ஒயரையும் ஒட்டி, இன்று காலை குழியில் இறங்கிவிட்டார். அவர் மதுரையில் பஞ்சாலையில் வேலை செய்கிறவர். மணலின் குணம் தெரியாது. முன்பைவிடக் குழி ஆழமாகிவிட்டது, மேடு அப்படியே தலைக்குமேல் நிற்கிறது.

செய்தி தெரிந்து நான் நேராக அங்கே போனேன். கீழே ஒன்றும் இல்லை, கருமணல்தான், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். கணேஷ்ராம் மண்வெட்டியைக் கீழே போடாமலே, "அன்னைக்கு மதினிகிட்ட ஒண்ணு சொன்னீரு, இன்னைக்கு வந்து வேற சொல்லுதீரு. பங்கு வேணும்னா பைய கேளும்வே, அதுக்கு ஏன் கதை?" என்றார். நான் ரூபாயைக் காட்டிச் சோதித்துக் காண்பிக்கிறேன் என்று குமிழில் கை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, காதில் மாட்டுவதை என் காதில் வைத்து அமுக்கினார். "கேளும்! ஏறுதா, இல்லியா?" என்றார். ஏறியது. ஏறவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ராஜராஜேஸ்வரி கரையில் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு கணேஷ்ராமுக்காக உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கதான தம்பி சொன்னிய" என்று மட்டும் சொன்னார். பிறகு குழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து நேரே இங்கே வந்தேன்.

நான் வாயால் சொன்னால் அவர்கள் இனி நம்ப மாட்டார்கள். ஆகவே இதை எழுதி, நிலைய முத்திரை வைத்து, ஐயா அவர்களே அங்கே போய் அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கணேஷ்ராமைக் குழியிலிருந்து ஏற்ற வேண்டும், கருவியைக் கைப்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். என்மீது வழக்கு என்றால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஜீப்பை எடுக்க வேண்டும். வெயில் இப்போது உச்சியில் இருக்கிறது. இந்த வெயிலில் அந்தக் கருவிக்குச் சத்தம் இறங்கவே இறங்காது.

மேலே கண்டவற்றை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. ராஜராஜேஸ்வரியிடம் ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்ன அந்த ஒன்று பொய். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அந்தக் குழியில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) பா. ஜாபேஸ்